பருந்து உட்கார ஒரு கொம்பு

ஜூன் 19 அன்று இரவு எட்டரை மணிக்குப் பறவைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. மங்கலான அறை, சுவரை விட்டுத் தள்ளி ஒரு கொய்யாக் கொம்பு, அதன்மேல் கரும்பருந்து. இடது காலை ஊன்றி, வலது காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: "சேட்டா, வலது கால்!"

பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கூண்டில் இருக்கும் பருந்து ஒற்றைக் காலில் நின்றால் அது நிம்மதியாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். மாற்றி மாற்றித் தூக்கினால் நிம்மதி. எப்போது பார்த்தாலும் ஒரே காலையே தூக்கிக்கொண்டிருந்தால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது. இந்தப் பருந்து ஐந்து வாரமாக இடது காலைத்தான் தூக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக இடது காலை நம்பி நின்றது. அதற்கு நான் செய்த நாலாவது கொம்பு அது. முதல் மூன்றும் எப்படிக் கெட்டன என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். செய்யப்போகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

எனக்குக் கேரள-தமிழ்நாட்டு எல்லையில், கோவிந்தாபுரத்தில் கிரில் பட்டறை. செக்போஸ்ட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரும்பு வாங்கப் பொள்ளாச்சி, ஆபீஸ் காரியத்துக்குச் சித்தூர், ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். பட்டறை போடுவதற்கு முன் ஒன்பது வருஷம் அபுதாபியில் ஒரு முதலாளியின் வேட்டைப் பறவை வீட்டில் வேலை பார்த்தேன். பறவைகளைப் பழக்கும் வேலை எல்லாம் பெரிய ஆட்களுக்கு. எனக்கு அவை உட்காரும் கட்டைகளைக் கழுவுவது, மேலே உள்ள புல் விரிப்பை மாற்றுவது, ஆணி தளர்ந்தால் முடுக்குவது. அந்தக் கட்டைக்கு அங்கே 'வக்கர்' என்று பெயர். காளான் மாதிரி இருக்கும்: மேலே வட்டத் தட்டு, கீழே மணலில் குத்தி நிறுத்த நீளமான இரும்புக் கூர். அங்கே 2002 முதலே பறவைகளுக்குத் தனியாகப் பாஸ்போர்ட் உண்டு. என் முதலாளியின் வேட்டைப் பறவையான பைரிக்கு இருந்த பாஸ்போர்ட் அலமாரி மேலேயே இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொண்டு கிளம்பும். என்னுடையது அவர் பெட்டியில் பூட்டிக்கிடக்கும். அது வேறு கதை.

இந்த அனுபவம் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் டாக்டர் என்னைத் தேடி வந்தார். பருந்து கிடைத்தது அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 ஏப்ரல் கடைசி. பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்திருந்த வாரம். வெயில் 41 டிகிரியைத் தாண்டி நின்றது. முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில், மின்கம்பிக்குக் கீழே இந்தப் பருந்து விழுந்து கிடந்திருக்கிறது. இறக்கை எலும்பு முறிவு, கூடவே நாவறட்சி. தோட்டக்காரர் வனத்துறைக்குச் சொல்ல, அவர்கள் டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். நம் நாட்டில் காட்டுப் பறவையை நாமாக வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. வளைகுடாவில் பார்த்துவிட்டு வந்து, வல்லூறு குஞ்சு கிடைக்குமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் இதையேதான் சொன்னேன்.

எலும்பு மூன்று நாலு வாரத்தில் கூடிவிடும் என்றார் டாக்டர். அவருடைய கவலை காலில். கட்டுப் போட்டு இரண்டு வாரம் சிமெண்டுத் தரையிலும் ஒரு செங்கல்லின் மேலுமாக நின்றதில் இடது பாதத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வந்துவிட்டது. துண்டில் சுற்றிப் பறவையை மல்லாத்தி எனக்குக் காட்டினார். நல்ல பாதத்தின் அடியில் பலாப்பழத் தோலைச் சின்னதாக்கி ஒட்டியதுபோலச் சொரசொரப்பு இருக்கும். புள்ளி இருந்த இடத்தில் மட்டும் அது தேய்ந்து, புது பலூன் மாதிரி வழவழவென்று மின்னியது. பம்பிள்ஃபுட் என்ற பாதப்புண் நோயின் ஆரம்பம். அபுதாபியில் இதற்கு எல்லோரும் நடுங்குவார்கள். தோல் விட்டுக் கிருமி உள்ளே போனால் வீங்கி, பொருக்குக் கட்டி, சீழ் கல் மாதிரி இறுகி, அப்புறம் அறுவைதான். மருந்து டாக்டர் பார்த்துக்கொள்வார். நிற்க நல்ல இடம் செய்து தருவது என் பொறுப்பு.

"எனக்குத் தெரியாத வேலையா டாக்டர், ரெண்டு நாள்ல கொண்டுவர்றேன்" என்றேன். ரெண்டு நாளில் கொண்டுபோனேன்தான்.

முதல் கட்டை அச்சு அசல் வக்கர். தேக்குத் துண்டு ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கி, கொல்லங்கோட்டில் கடைசல்காரரிடம் எட்டு அங்குல வட்டமாகக் கடைந்தேன், கூலி 150. சிமெண்டுத் தரையில் குத்த முடியாது என்பதால், ஓரடிக்கு ஓரடி 6 எம்எம் இரும்புத் தகட்டை அடியில் வைத்து, 14 அங்குல ஜிஐ பைப்பை நட்டு வெல்டு வைத்தேன். தகடு மட்டும் நாலு கிலோ நானூறு, 310 ரூபாய். பைப் பட்டறையில் கிடந்த துண்டு. தட்டின் மேல் ஒட்ட ஒரு சதுர அடி புல் விரிப்பு 60. ஆக 770 ரூபாய். பைப்பில் வழுக்கி ஏறி இறங்குகிற மாதிரி ஒரு வளையமும் மாட்டினேன். காலில் கட்டும் வாரை அதில் கோத்துவிடலாம், கட்டையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சிக்காது. பட்டறையில் வைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்காரி மட்டும், "ஏனுங்க, கோழிக்குஞ்சு தூக்கற பருந்துக்குத் தேக்குல நாற்காலியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் முதலில் வளையத்தைத்தான் பார்த்தார். "சேட்டா, இது எதுக்கு?" சொன்னேன். "இதைக் கட்டிப்போட மாட்டோம். பழகின பறவை இல்லை, கட்டினால் பதறிப் பறந்து மறுபடியும் எலும்பு போகும். நாளைக்கு வானத்துக்குப் போக வேண்டியது." அங்கேயே கிரைண்டர் இரவல் வாங்கி வளையத்தை அறுத்தேன்.

வளையம் போனது ஒரு பக்கம். பருந்துக்குக் கட்டையே பிடிக்கவில்லை. தட்டின் மேல் ஏறும், விரல்களைத் தட்டையாக விரித்துக்கொண்டு நிற்கும், நகம் எதையும் பிடிக்க முடியாமல் விளிம்புக்கு நகர்ந்து, விளிம்பை ஒரு காலால் கவ்விப் பார்த்துவிட்டுக் கீழே குதித்துவிடும். மூலையில் இருந்த பழைய செங்கல்லுக்கே திரும்பப் போய்விடும். இரண்டு நாள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷம் நான் பார்த்தது பைரியும் அதன் சொந்தக்காரப் பறவைகளும். அவை மலைப்பாறை இடுக்கில் உட்கார்ந்து பழகியவை, பாதத்தைத் தட்டையாக வைத்து நிற்பதுதான் அவற்றுக்குச் சுகம். அதனால்தான் வக்கரின் தலை தட்டை. பருந்து மரத்துப் பறவை. எங்கள் ஊரில் கரும்பனை மட்டையிலும் புளியங்கிளையிலும் சுருட்டிப் பிடித்துத் தூங்குவதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே தட்டு செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அந்த அறை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பைரி எச்சத்தை நேர் கீழே போடும். பருந்து வாலைத் தூக்கிப் பின்னால் பீய்ச்சும். இரண்டு நாளில் பின்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி கோடு. கட்டையைச் சுவரோரம் வைத்தது என் தப்பு.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்தி வந்து, செய்வதற்கு முன்னால் அளவு எடுத்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் 770 ரூபாய் மிச்சம். பிளம்பிங் கடையில் கழிவுத் துண்டுகளாக 20, 25, 32, 40 எம்எம் பிவிசி பைப் ஒரு முழம் ஒரு முழம் வாங்கிப் போனேன். டாக்டர் பறவையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார், தலைக்கு மேல் ஒரு கைக்குட்டை. நான் ஒவ்வொரு துண்டாகப் பாதத்துக்கு அடியில் கொடுத்தேன். கொடுத்தவுடன் கவ்விக்கொள்ளும், அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 20இல் முன் நகமும் பின் நகமும் ஒன்றையொன்று தாண்டிப்போய், பின் நகத்தின் முனை தன் உள்ளங்காலையே தொட்டது. இப்படி ஒரு கொம்பில் நாள் முழுக்க நின்றால் தானே தன்னைக் குத்திக்கொள்ளும். 25இல் நகங்கள் கிட்டத்தட்ட முட்டின. 32இல் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்து, நகங்களுக்கு நடுவே என் சுண்டுவிரல் போகிற இடைவெளி. 40இல் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எட்டியது. ஆக நடு அளவு 32, இங்கிருந்து நாலைந்து எம்எம் கூடக் குறைய இருக்கலாம். ஒரே அளவாக இருக்கக் கூடாது என்றார் டாக்டர். பாதத்தின் ஒரே இடத்தில் எடை விழுந்தால் புண்ணுக்கு அதுவே விதை. அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, வில் செய்வோம் என்று முடிவு செய்தேன். மரத்துப் பறவைகளுக்கு வேட்டைக்காரர்கள் வைப்பது அதுதான். வில்லைப் படுக்க வைக்காமல் வளைவு மேலே இருக்க நிறுத்தினால் எப்படி இருக்கும், அந்த வடிவம். 12 எம்எம் வழவழ ராடு ஐந்தரை அடி (முறுக்குக் கம்பி வேண்டாம், வரிகள் மேலே உள்ள உறையை அறுக்கும்), 100 ரூபாய். வளைக்க அச்சு தேடினேன். பக்கத்து வீட்டு ஆசாரியண்ணன் கொல்லையில் பழைய மாட்டுவண்டிச் சக்கரத்துக் குடம் ஒன்று கிடந்தது, அது சின்னது. கடைசியில் பழைய கார் டயர் ரிம்மைத் தரையில் நட்டு, ராடைச் சூடு காட்டாமலே அதைச் சுற்றி இழுத்தோம். அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் இன்னொரு முனையில் மூன்றடி பைப்பைச் செருகி நெம்பினேன். அடிவாய் இரண்டடி, நடு உயரம் 14 அங்குலம். பருந்தின் நீள வால் தரையில் படக் கூடாது, அதற்கு இந்த உயரம் தாராளம். இரண்டு முனையையும் ஒரு குறுக்கு ராடால் இணைத்து, எட்டு அங்குலக் குறுக்குக் கால்கள் வைத்தேன்.

வெறும் இரும்பில் எந்தப் பறவையையும் நிறுத்தக் கூடாது. இங்கே ஏப்ரல் வெயிலில் பைக் டாங்கியைத் தொட்டவர்களுக்குக் காரணம் தெரியும். ராடின் மேல் அரை அங்குல ஹோஸ் பைப்பைச் சோப்புத் தண்ணீர் விட்டு ஏற்றினேன், 40 ரூபாய். வெளி அளவு 18 எம்எம் வந்தது. அதன்மேல் என்ன சுற்றுவது? பொள்ளாச்சிக்காரன் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? தேங்காய் நார்க் கயிறு. ஆறு எம்எம் கயிறு 90 ரூபாய்க்கு வாங்கி இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றினேன். வெர்னியர் அளவுகோலில் 30 எம்எம். மொத்தம் 230 ரூபாய்தான். பார்க்க லட்சணமாக இருந்தது.

பருந்து உடனே ஏறி உட்கார்ந்தது. ஏறிய வேகத்தில் வில் சாய்ந்தது. எட்டு அங்குலக் கால் போதவில்லை. திரும்பக் கொண்டுவந்து, தோற்றுப்போன வக்கரின் நாலு கிலோத் தகட்டை அறுத்து வில்லுக்கு அடியில் வெல்டு வைத்த பிறகு அசையவில்லை. அந்த வாரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

மே முடிவதற்குள்ளேயே மழை இறங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளும். பருந்து தண்ணீர்த் தொட்டியில் குளித்துவிட்டு நேராக வில்லில் வந்து உட்காரும். நார்க் கயிறு குடிக்கும் தண்ணீர் காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் மறுபடி நனையும். எட்டாவது நாள் டாக்டர் கூப்பிட்டார். "வந்து முகர்ந்து பாருங்க." முகர்ந்தேன். மழைக்காலத்துச் சாக்கு வாடை. கயிற்றைப் பிரித்தால் உள்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. பூஞ்சை. பருந்து இனத்துக்கு நுரையீரலில் பூஞ்சை பிடித்தால் காப்பாற்றுவது கஷ்டம், காலைப் பார்க்கப்போய் உயிரையே பணயம் வைத்திருக்கிறோம். போதாததற்கு, காய்ந்த இடங்களில் நார் முள் முள்ளாக நின்றது. இடது பாதத்துப் புள்ளி ஒரு மிளகு அளவு பெரிதாகியிருந்தது. அன்றைக்கே கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது, அதற்கு வேண்டுமானால் நார்க் கயிறு உத்தமம்.

மூன்றாவதை அவசரத்தில் செய்தேன், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியில் தோட்டம் அலங்கரிப்பவர்களுக்கு விற்கும் செயற்கைப் புல், 35 எம்எம் உயரம், சதுர அடி 55 வீதம் ஆறு அடி, 330 ரூபாய். மெத்தென்று இருந்ததைக் கையால் தடவிப் பார்த்து மயங்கிவிட்டேன். அதை ஹோஸின் மேல் ரப்பர் பசையால் ஒட்டினேன், பசை 140. பசை வாடையே நாலு நாள் போகவில்லை, டாக்டர் அறைக்குள் விடவே இல்லை. பறவைகளுக்கு அந்த ஆவி ஆகாது. வாடை போன பிறகு வைத்தோம். புல் நீளமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது, எச்சம் உள்ளே இறங்கி மறைந்துகொண்டது. இரண்டாம் நாள் பருந்துக்குப் பொழுது போகவில்லை போல, அலகால் ஒவ்வொரு இழையாகப் பிடுங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை வலது காலின் நடுவிரலில் பச்சை இழை ஒன்று மோதிரம் மாதிரி இரண்டு சுற்று. இறுகியிருக்கவில்லை, டாக்டர் கத்தரியால் எடுத்துவிட்டார். இறுகியிருந்தால் விரல் போயிருக்கும். புண் இல்லாத ஒரே கால் அது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். அபுதாபியில் வக்கர் மேல் நாங்கள் போட்ட விரிப்பு இதில்லை. நினைவுபடுத்திப் பார்த்தால், அது கட்டையான குட்டிப் பற்கள் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு. புல்லும் அடித்தளமும் ஒரே வார்ப்பு. இழுத்தால் இழையாக வராது. ஒவ்வொரு பல்லும் பாதத்தை ஒவ்வொரு புள்ளியில் தாங்கும், தண்ணீர் பற்களுக்கிடையே ஓடிவிடும். நம் ஊரில் அதை எங்கே பார்த்தேன்? பல் கிளினிக் வாசலில். கால் துடைக்கும் மிதியடி! பாத்திரக் கடையில் இரண்டுக்கு மூன்றடி, பல் உயரம் 10 எம்எம், 380 ரூபாய். கடையிலேயே ஒரு பல்லைப் பிடித்து நகத்தால் இழுத்தேன், வரவில்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

இதை ஹோஸின் மேல் முழுக்கச் சுற்றினால் 18உம் இரண்டு பக்கம் பற்களும் சேர்ந்து 40ஐத் தாண்டும், அளவு போய்விடும். அடித்தளம் வேறு விறைப்பு, அத்தனை சின்ன உருளையில் மடித்தால் பிளந்துவிடும். ஆசாரியண்ணன் கொல்லையில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "அடியில எதுக்குத் தம்பி மெத்தை? அது மேலதான நிக்குது" என்றார். அவ்வளவுதான். விரிப்பு மேல் பாதிக்கு மட்டும். நகம் பிடிக்கிற பக்கமும் அடிப்பக்கமும் வெறும் மரம்.

மரம் என்று முடிவானதும் வில்லையும் விட்டேன். கட்டிப்போடாத பறவைக்குத் தரையில் வில் எதற்கு? உயரத்தில் கிளை வேண்டும். முதலமடையில் மாங்கிளைக்குப் பஞ்சமில்லை, ஆனால் தோப்புகளில் மருந்து அடித்தபடியே இருப்பார்கள், அதைத் தொடவில்லை. முருங்கை முறியும். வேம்பு காய்ந்தால் பட்டை உரியும். எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் யாரும் மருந்து காட்டாத கொய்யா ஒன்று உண்டு. கொய்யாக் கிளை உறுதி, பட்டை வழவழப்பு, முடிச்சுகள் மழுங்கல், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெதுவாக மெலியும். டாக்டர் சொன்ன "ஒரே அளவு வேண்டாம்" இதில் தானாகவே வந்துவிடுகிறது. மூன்றரை அடியில் இரண்டு கிளை வெட்டினேன். நடுவில் 32, முனைகளில் நாலைந்து எம்எம் கூடக் குறைய. சோப்புத் தண்ணீரில் தேங்காய் நாரால் தேய்த்து (நாருக்கு இதில் ஒரு பயன்), நல்ல தண்ணீரில் அலசி, மழை இடைவெளிகளில் நாலு நாள் காயவைத்தேன். முடிச்சுகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன், நடுப்பட்டையைத் தொடவில்லை.

மிதியடியை நாலு செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினேன். கத்தரிக்கோல் வேண்டாம், பற்களுக்கு நடுவே உள்ள வரியில் பிளேடு கத்தியைப் பின்பக்கமிருந்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் விளிம்பில் பாதிப் பற்கள் நிற்காது. பட்டைகளைத் தகரக் கூரையில் அரை மணி நேரம் வெயிலில் போட்டதும் வாழைப்பட்டை மாதிரி வளைந்தன. சூடாக இருக்கும்போதே கொம்பின் மேல் வைத்துச் சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டி, ஆறிய பிறகு அவிழ்த்தால் அந்த வளைவு அப்படியே நின்றது. பசை கிடையாது. எட்டு செ.மீ.க்கு ஒரு கேபிள் டை, பற்களுக்கு இடையே புதையும்படி, தலை நேர் அடியில். மிச்ச வாலை வெட்டும்போது பிளையரில் வெட்டினால் கத்தி மாதிரி ஒரு முனை நிற்கும், என் கட்டைவிரலே சாட்சி. நகவெட்டியால் ஒட்ட வெட்டி, அரத்தால் ஒரு தேய். ஒரு பாக்கெட் டை 90 ரூபாய்.

முழுக் கொம்புக்கும் விரிப்புப் போடவில்லை. ஒன்பது அங்குலத்தில் மூன்று இடம், நடுவில் வெறும் பட்டை. எது வேண்டுமோ அதில் உட்காரட்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும்படி ஒரு அங்குல ஜிஐ பைப் ஐந்தடியை வெட்டித் தாங்கிகள் செய்து (550), நாலு யூ கிளாம்ப் (100) போட்டுக் கொம்புகளைப் பிடித்தேன். இரண்டடி இருந்தால் வால் சுவரில் உரசாது. எச்சம் சுவருக்குப் போகத்தான் போகும், அங்கே கழுவுகிற மாதிரி ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பித் தொங்கவிட்டோம். ஒரு கொம்பு தரையிலிருந்து ஐந்தடி, இன்னொன்று இரண்டடி. கீழ்க்கொம்புக்குச் சாய்வாக ஒரு பலகை. இறக்கை சரியாகாத பறவை மேலே ஏறத் தாவித் தாவி விழுந்தால் அதிலும் பாதம் அடிபடும். இந்த நாலாவது வேலைக்கு ஆனது 1,120 ரூபாய். எல்லாம் கூட்டினால் 2,590. வெல்டிங் ராடும் கரண்டும் என் தலையில்.

ஜூன் 12 அன்று மாட்டினோம். முதல் நாள் கீழ்க்கொம்பின் வெறும் பட்டையிலேயே நின்றது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் விரிப்பில் ஒரு கால், பட்டையில் ஒரு கால். புண் கால்தான் விரிப்பில். நான்காம் நாள் மேல்கொம்பு, நடு விரிப்பு, அங்கேயே குடியிருப்பு. தடித்த முனைக்கும் மெல்லிய முனைக்கும் பகலில் போய் வரும், தூங்குவது 31, 32 எம்எம் இருக்கும் இடத்தில். நான் வெர்னியரில் பிடித்த அளவை அது காலால் பிடித்துவிட்டது. எட்டாம் நாள் அந்தப் படம் வந்தது.

ஜூலை முதல் வாரம் மறுபடி பாதத்தைப் பார்த்தோம். சிவப்பு வெளிறி, வழவழத்த இடத்தில் சொரசொரப்பு மெல்லத் தலைகாட்டியிருந்தது. மருந்துக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாம் என் மிதியடி என்று சொல்லமாட்டேன்.

கழுவுகிற முறை இப்போது இப்படி: தினமும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் பற்களிடையே இருப்பது போய்விடும். வாரம் ஒருமுறை கொம்பையே கழற்றி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த தண்ணீரில் பத்து நிமிடம், மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசல், வெயில். அதுவரை மாற்றுக் கொம்பு வேண்டும். ஆனால் நான் செய்தது இரண்டே கொம்பு, இரண்டும் அறையில். மாற்றுக்கு ஒன்றும் இல்லை. அடுத்தமுறை ஜோடி ஜோடியாகத்தான் வெட்டுவேன். யூ கிளாம்புக்குச் சாதாரண நட் போட்டதும் தப்பு, ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் தேட வேண்டியிருக்கிறது, அறைக்குள் அதிக நேரம் நிற்க நிற்கப் பறவை மிரள்கிறது. கையால் திருகும் காது நட் போட வேண்டும். கேபிள் டை இரண்டு மாதத்தில் வெயிலுக்கு நொறுங்கத் தொடங்கியது. கறுப்பு நிறத்தது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது, வெள்ளை வாங்காதீர்கள். மேல்கொம்பை ஐந்தடிக்குப் பதில் ஆறடியில் வைத்திருக்கலாம். ஆள் உள்ளே வரும்போது தன் தலை நம் தலைக்கு மேல் இருந்தால் பருந்துக்குத் தைரியம்.

வில்லை ஒரு தோட்டக்காரர் பாகற்கொடி ஏற்ற வாங்கிக்கொண்டு போனார். அடித்தகடு போன தேக்கு வக்கரை எங்கள் அத்தை கொல்லையில் நட்டுவைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிறார். எட்டு அங்குலத் தட்டு அதற்கு அளவாக இருக்கிறது.

போன வாரம் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். ஜன்னல் கண்ணாடியில் மோதிய ஒரு வல்லூறு. புறா அளவுதான் இருக்கும், விரல்கள் குச்சி குச்சியாக. இந்தத் தடவை முதலில் பிவிசித் துண்டுகள்தான் எடுத்துப்போனேன், 12இலிருந்து 20 வரை. 16இல் நகங்களுக்கு நடுவே சரியான இடைவெளி விழுந்தது. கொய்யாவில் அந்தத் தடிமனுக்குக் குச்சி நிறையக் கிடைக்கிறது. இத்தனை மெல்லிய கொம்பின் மேல் 10 எம்எம் பல் வைத்தால் அதற்கு அது உரல் மாதிரி ஆகிவிடும், பற்களை நாலு எம்எம்முக்கு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றாக நகவெட்டியில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.